யாருக்குச் சீனி?

பிரிக்பீல்ட்ஸ்
6 மார்ச் 1984

அன்புள்ள காத்தூன் பீவி,

என்னைத் தெரிகிறதா? போன மாதம் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உமக்கும் மின்விசிறிக்கும் நடுவில் வந்து உட்கார்ந்து, உமக்கு வரவேண்டிய காற்று முழுவதையும் நானே வாங்கிக்கொண்ட தடித்த மனுஷி. மீனலோசனி. உம்முடைய விலாசம் எப்படிக் கிடைத்தது என்று கேளாதேயும். நர்ஸ் கோப்பை மேசையில் விரித்து வைத்திருந்தாள். தலைகீழாக வாசிப்பது எனக்கு முருகன் கொடுத்த வரம்.

டெலிபோன் எடுக்கலாமே என்பீர். வேண்டாம். முப்பது வருடம் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள் நான். டெலிபோனில் பேசினால் யார் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்டதே நான்தான். அதோடு உங்கள் வீட்டு டெலிபோன் சாப்பாட்டுக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று நீரே சொன்னீர். என் நோயைப் பற்றி ஒரு பிளேட் பரோட்டாவோடு சேர்த்துக் கிள்ளானே விசாரிக்க வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சுகம்! காத்தூன், எனக்குச் சுகம்!

போன வருடம் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்ததிலிருந்து நான் இருந்த இருப்பு உமக்குத் தெரியாது. தலை சீவவில்லை. எதிர்வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள், ஜன்னல் திரையைக்கூட விலக்காமல் படுத்துக் கிடந்தேன். அதைப் பார்த்துத்தான் கூட இருக்கிற என் அண்ணை பயந்துபோய் என்னை டாக்டர் ரமணியிடம் கூட்டிக்கொண்டு போனார். இப்போது பாரும்: மூன்று கிழமையாக, உங்கள் பேச்சில் மூன்று வாரமாக, அந்த மாத்திரை சாப்பிடுகிறேன். வாசல் கேட்டுக்குப் பச்சை பெயின்ட் அடித்தாயிற்று. எதிர்வீட்டுச் சம்பந்தம் ஏன் குழம்பியது என்று மூன்று விதமான கதை சேர்த்தாயிற்று. மூன்றும் நல்ல கதைகள்.

டாக்டர் சொன்னது நினைவிருக்கும். இது ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதே சிவப்பும் மஞ்சளுமான கூட்டுக்குள் வெறும் சீனி. யாருக்கு எது என்று நமக்குத் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. உறையில் ஒட்டி மருந்தகத்தில் பூட்டி வைத்திருக்கிறார்களாம். தெரியாதவர்களெல்லாம் கூடி ஒன்றைத் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

என் மட்டில் உறையைக் கிழிக்கத் தேவையில்லை. எனக்கு விழுந்தது மருந்துதான். சீனி தின்று கேட்டுக்கு பெயின்ட் அடித்தவர் உண்டா?

உமக்கு எப்படி? உடனே எழுதும்.

மீனலோசனி


786
கிள்ளான்
11 மார்ச் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரர்தான் முதலில் பிரித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். "இந்தம்மாவும் நம்ம ஆஸ்பத்திரி கேஸா? நம்ப முடியல லா" என்றார். அவர் சிரித்து நாளாயிற்று. அதற்காக உங்களுக்கு நன்றி.

எனக்கு ஒன்றும் இல்லை அக்கா. நல்லதும் இல்லை.

உங்களுக்காவது சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. வேலை போச்சு, பேச்சு போச்சு. என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல? வியாபாரம் நடக்கிறது. மகள் முத்து பீவி புருஷனோடு சந்தோஷமாக இருக்கிறாள். மாமியார்கூட நல்லவர். வருகிறவர்கள் "ஏம்மா, என்ன குறை?" என்று கேட்கிறார்கள். குறை இருந்தால் சொல்லிவிட்டு அழலாம். காரணம் இல்லாத அழுகைக்கு ஊரில் மரியாதை கிடையாது.

கடைக்கு மேலேதான் எங்கள் வீடு. மீன்தலைக் கறிக்கு மசாலா கூட்டுவது என் கை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற நாள் தவிர, ஆறு மாதமாக நான் கீழே இறங்கவில்லை. அவரே கூட்டுகிறார். மேலே வரும் வாசத்திலேயே தெரிகிறது, வெந்தயம் கருகிவிட்டது என்று. தெரிகிறது, ஆனால் சொல்ல வாய் வரவில்லை. கருகினால் என்ன என்று இருக்கிறது. காலையில் கண் திறந்தால், ஏன் திறந்தது என்று இருக்கிறது.

மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன். கண்ட பலன், வாய் காய்கிறது. நாக்கு தேங்காய் நார். எத்தனை கிளாஸ் தண்ணீர் குடித்தாலும் அப்படியேதான். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. எனக்குச் சீனிதான் விழுந்திருக்கிறது. அல்லாஹ் யாருக்கு எதை எழுதினானோ.

உங்கள் பெயின்ட் மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காத்தூன்


பிரிக்பீல்ட்ஸ்
14 மார்ச் 1984

அன்புள்ள காத்தூன்,

கண்டுபிடித்துவிட்டேன்! பூட்டும் வேண்டாம், உறையும் வேண்டாம்.

உமக்கு வாய் காய்கிறது. தாகம் அடங்கவில்லை. தலை சுற்றுகிறது. எங்கள் பிரிக்பீல்ட்ஸில் யாரை வேண்டுமானாலும் கேளும், இது எதன் அடையாளம்? சீனி! எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் சீனி வியாதி, மீதிப் பேர் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் முதலில் வந்தது இந்தத் தாகம்தான். நாளுக்கு மூன்று சீனி உருண்டை உள்ளே போனால் நாக்கு காயாமல் என்ன செய்யும்? எனக்கோ வாய் ஈரமாக இருக்கிறது. எப்போதுமே ஈரம். ஓயாத வாய் அல்லவா.

ஆகவே தீர்ப்பு: மருந்து என்னிடம், சீனி உம்மிடம். நோய் கூடியவருக்குச் சீனியும் கேட்டுக்கு பெயின்ட் அடிப்பவளுக்கு மருந்துமா? எந்த ஊர் நியாயம்?

துணிக்கார முத்து முகம்மது இன்று எங்கள் பக்கம் சேலை விற்க வந்தார். அவர் உங்கள் கிள்ளான்காரர்தானே. அவரிடம் ஒரு பிஸ்கட் டின் கொடுத்திருக்கிறேன். மேலே பயற்றம் பணியாரம், நானே செய்தது, கொஞ்சம் கடினம். பல்லைப் பார்த்துக் கடியும். அடியில் கடதாசிக்குக் கீழே என்னுடைய இந்த மாதத்துக் குப்பி. அதைச் சாப்பிடும். நான் தேறிவிட்டேன், தேறியவளுக்கு மருந்து எதற்கு?

டாக்டருக்குச் சொல்ல வேண்டாம். தெரியாமல் இருப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி, நாமும் உதவுவோம்.

மீனலோசனி


786
கிள்ளான்
19 மார்ச் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

டின் வந்து சேர்ந்தது. பணியாரத்தை என் வீட்டுக்காரர் கடித்தார். பிறகு தேநீரில் ஊறப்போட்டார். ருசி நல்ல ருசி.

குப்பியைப் பார்த்து ரொம்ப நேரம் அழுதேன். இந்தத் தடவை காரணத்தோடு அழுதேன், அதுவே ஒரு மாறுதல். கூடப் பிறக்காத ஒருவர் தன் மருந்தை எடுத்து எனக்குக் கொடுப்பார் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் டின்னை என்ன செய்வது? வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது எங்கள் வீட்டில் இல்லை. என் உம்மா உயிரோடு இருந்தால் கையை ஒடித்திருப்பார். எதையாவது செய்து வைக்கலாம் என்றால் அடுப்பு முன்னால் நிற்கத் தெம்பில்லை. தொதல் இனிப்பாவது கடையில் வாங்கச் சொன்னேன். டின் பாதிகூட நிறையவில்லை. அந்தக் குறைக்கு என் குப்பியையும் வைத்துவிட்டேன். சீனி என்றாலும் நீங்கள் வெறும் குப்பியோடு டாக்டர் முன்னால் நிற்க வேண்டாம். மீதி மாத்திரையை அவர் எண்ணிப் பார்ப்பாரே.

முத்து முகம்மது அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். உங்கள் மருந்தை இன்று காலை தொடங்கினேன்.

காத்தூன்


786
கிள்ளான்
25 மார்ச் 1984

அக்கா!

இன்று கீழே இறங்கினேன்!

மூன்றாம் நாளே ஏதோ ஒன்று விலகியது போல் இருந்தது. "இது நிஜ மருந்து, அக்கா தன் பங்கைக் கொடுத்த மருந்து" என்று சொல்லிச் சொல்லி விழுங்கினேன். நேற்றிலிருந்து வாய் காய்வது குறைந்துவிட்டது! நீங்கள் சொன்னது அப்படியே சரி. சீனி உடம்பை விட்டுப் போகிறது. இன்று மத்தியானம் படியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனேன். என்னைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றார். தேத்தண்ணி ஆற்றுகிற வேலாயுதம், "பாஸ், கறி தீயுது பாஸ்!" என்று கத்திய பிறகுதான் திரும்பினார்.

மசாலா கூட்டவில்லை. சும்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு மேலே வந்தேன். அது போதாதா?

தூக்கம் மட்டும் கொஞ்சம் குறைவு. சந்தோஷத்தில் யாருக்குத் தூக்கம் வரும்?

உங்களுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். பல் உடையாத பணியாரம் செய்யவும் கற்றுக் கொடுக்கட்டும்.

காத்தூன்


பிரிக்பீல்ட்ஸ்
30 மார்ச் 1984

என் அருமைக் காத்தூன்,

உமது கடிதத்தை அண்ணைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கரண்டியோடு நின்ற இடத்தில் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பாலசுந்தரம், கருவூலத்தில் கணக்குப் பார்த்தவர். ஒரு சதம் குறைந்தால்தான் அவர் கண் கலங்கும் என்று நினைத்திருந்தேன்.

டாக்டர் ரமணியை விட நான் கெட்டிக்காரி என்று நிரூபணம் ஆயிற்று. இந்த வயதில் மருத்துவம் படிக்கச் சேர்த்துக்கொள்வார்களா என்று விசாரிக்க நினைத்தேன், முடியவில்லை, தூங்கிவிட்டேன்.

தூக்கம் என்றா சொன்னீர்? உமது தூக்கமும் என்னிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறது. உம்முடைய குப்பியை வீணாக்குவானேன் என்று நானே விழுங்குகிறேன். சீனிதானே, என்ன செய்துவிடும்? கொட்டினால் எறும்பு வரும். யாழ்ப்பாணத்து வயிற்றில் எதுவும் வீணாகாது. ஆனால் உம்முடைய சீனி பொல்லாத சீனி, காத்தூன்! நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. மலம் கழிவது ஒரு திருவிழாவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கந்தசுவாமி கோயிலில் தேவாரம் பாடும்போது தூணில் சாய்ந்து தூங்கிவிட்டேன். குறட்டை சுருதியோடு இருந்ததாம். பக்கத்தில் இருந்த இராஜம்மா தட்டி எழுப்பி, "மீனா, நீ முதல் வரியிலேயே தாளம் விட்டுட்டாய்" என்றாள். அவள் இதை இதற்குள் சுங்கை பூலோ வரை கொண்டுபோய்ச் சேர்த்திருப்பாள். நானாக இருந்தால் சேர்த்திருப்பேன்.

பரவாயில்லை. நீர் கீழே இறங்கினீரே! நான் கோயிலில் விழுந்தாலும் பாதகமில்லை.

மீனலோசனி


786
கிள்ளான்
7 ஏப்ரல் 1984

அக்கா,

உங்கள் மருந்தும் என்னிடம் தோற்றுவிட்டது. பத்து நாளாகத் தூக்கம் இல்லை. சாப்பிட்டது நிற்பதில்லை. கை நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

முன்பு ஒன்றும் வேண்டாம் என்று மட்டும் இருந்தது. இப்போது நானே வேண்டாம் என்று இருக்கிறது. என் வீட்டுக்காரர் கடையை மூடிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

மருந்தைக் குறை சொல்லவில்லை. உங்களுக்கு வேலை செய்ததே. நிஜ மருந்துக்கும் கேட்காதவள் நான். இனி எழுத மாட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

காத்தூன்


பிரிக்பீல்ட்ஸ்
15 ஏப்ரல் 1984

காத்தூன்,

செவ்வாய்க்கிழமை டாக்டர் ரமணியும் நானும் உங்கள் வீட்டுப் படியேறி வந்தபோது நீர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை. அதற்கு முன்னால் நடந்ததை நீர் அறிய வேண்டும். இன்று உமது கணவர் டெலிபோனில் கூப்பிட்டு, "நேத்து ராத்திரி நாலு மணி நேரம் தூங்குனா அக்கா" என்றார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

உமது கடிதம் வந்ததும் காலில் கிடந்த வீட்டுச் சப்பாத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். என் முறை நாள் இல்லை. நர்ஸ் மறித்தாள். நான் மறிக்கக்கூடிய அளவிலா இருக்கிறேன்? டாக்டர் அறைக்குள் போய் உமது கடைசி இரண்டு கடிதங்களையும் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த டாக்டர் பெண்ணின் முகம் மாறியதை நீர் பார்த்திருக்க வேண்டும்.

"ஆன்டி! என்ன ஆன்டி செஞ்சிட்டீங்க! ஸ்வீட்டா இது, டின்ல போட்டு மாத்திக்கிறதுக்கு?"

"அவவுக்கு வாய் காய்ஞ்சது பிள்ளை. சீனி எண்டால்தானே..."

"ஐயோ! அந்த மருந்து சாப்பிட்டாதான் வாய் காயும் ஆன்டி!"

உடனே மருந்தகத்துக்கு டெலிபோன் எடுத்தார். ஆபத்து என்றால் உறையைப் பிரிக்கலாமாம். நம் இரண்டு உறைகளும் வந்தன. நான் மேசைக்கு இந்தப் பக்கம், உறை அந்தப் பக்கம். அவர் வாய் திறக்குமுன் தலைகீழாகவே வாசித்துவிட்டேன். இந்த ஒரு தடவை அந்த வரம் இல்லாமல் இருந்திருக்கலாம்.

மருந்து உம்முடையது. சீனி என்னுடையது.

அது வேலை செய்ய நாலைந்து கிழமை பிடிக்குமாம். வாய்தான் முதலில் காயும், மனம் பிறகுதான் தெளியுமாம். தெளியப்போகிற நேரத்தில் நான் உம்மிடமிருந்து அதைப் பிடுங்கிச் சீனியைக் கொடுத்துவிட்டேன். பிடுங்கிய மருந்தை நான் தின்று கோயிலில் குறட்டை விட்டேன். நீர் கீழே இறங்கி வந்ததும் அந்தச் சீனியில்தான். எப்படி என்று டாக்டருக்கும் தெரியவில்லை. "நம்பிக்கையும் கொஞ்ச தூரம் தூக்கிட்டுப் போகும் ஆன்டி, அப்புறம் இறக்கி விட்டுடும்" என்றார்.

உமக்கு ஏதாவது ஆகியிருந்தால்? மன்னிப்பு என்ற சொல்லை எழுதி வெட்டி எழுதி வெட்டி இந்தத் தாள் மூன்றாவது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அண்ணையிடம் எல்லாம் சொன்னேன். பேப்பரை மடிக்காமலே சொன்னார்: "அப்ப உனக்கு ஒரு நோயும் வருத்தமும் இருக்கேல்லை. சீனியாலை சுகமானது என்ன வருத்தம்? சும்மா படுத்துக் கிடந்திருக்கிறாய்."

அப்படியா காத்தூன்? அந்த ஒரு வருடம் முழுக்க நான் நடித்தேனா? பேப்பருக்குள் முகத்தை மறைத்த அண்ணையைத் தவிர ஆள் இல்லாத வீட்டில் யாருக்காக நடித்தேன்? இது எனக்கு விளங்கவில்லை. கேட்டைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மீனலோசனி


786
கிள்ளான்
20 மே 1984

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம். வேண்டுமென்றுதான் தாமதம். நான் எழுதுவது மருந்து எழுதுவதாக இருக்கக் கூடாது, நானே எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். இப்போது எது மருந்து, எது நான் என்று பிரித்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

டாக்டர் ரமணி இப்போது ஒளிவுமறைவு இல்லாமல் அதே மருந்தைத் தருகிறார். வாய் தேங்காய் நார்தான். ஆனால் போன திங்கட்கிழமை நடந்ததைக் கேளுங்கள். மேலே படுத்திருக்கிறேன். வெந்தயம் கருகும் வாசம் வந்தது. என்ன நினைத்தேனோ, படியில் நின்று ஒரு கத்து கத்தினேன்: "ஏங்க! அடுப்பை எரிக்கிறீங்களா, கடையையே எரிக்கிறீங்களா? எட்டு மாசமா இதைத்தான் ஜனங்களுக்குப் போட்டீங்களா? கருமம்!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். அவர் மேலே ஓடி வந்தார். "இன்னொரு தடவ திட்டு காத்தூன்" என்றார். திட்டினேன். நிறைய சேர்ந்திருந்தது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்றால், இருந்தது. இரண்டு நாள் நன்றாகக் கோபப்பட்டேன். நீங்கள் கெட்டிக்காரி என்று உங்களுக்கே ரொம்ப நம்பிக்கை. ஆனால் என் குப்பியை நானும்தானே எடுத்துக் கொடுத்தேன். வெறும் டின் அனுப்பக் கூடாது என்ற மரியாதைக்கு என் உயிரையே டின்னில் வைத்து அனுப்பப் பார்த்தேன். நம்மில் யார் பெரிய புத்திசாலி என்று டாக்டர்தான் ஆராய வேண்டும்.

உங்கள் அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். சீனியில் குணமானதால் உங்கள் நோய் பொய் என்றால், முதல் நாலு வாரம் நிஜ மருந்திலும் குணமாகாத என் நோய் என்ன, நிஜத்தைவிட நிஜமா? அப்புறம் உங்கள் சீனியில் நான் கீழே இறங்கினேனே, அந்த ஒரு நாள் மட்டும் என் நோய் பொய்யாகிவிட்டதா? மறுபடி படுத்ததும் உண்மையாகிவிட்டதா? கணக்குப் பார்த்தவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

அக்கா, விழுந்தவள் எந்தக் கையைப் பிடித்து எழுந்தாள் என்பதை வைத்து அவள் விழவே இல்லை என்று சொல்ல முடியாது. வாங்கில் நீங்கள் வந்து உட்கார்ந்த அன்று உங்கள் தலையை நான் பார்த்தேன். சீப்பு பட்டு மாதமாகியிருந்தது. அது நடிப்பு என்றால் நான் ராணி.

மீன்தலைக் கறிக்கு வாருங்கள். மசாலா என் கை.

காத்தூன்


பிரிக்பீல்ட்ஸ்
12 ஆகஸ்ட் 1984

என் அருமைக் காத்தூன்,

போன ஞாயிறு உங்கள் கறியைச் சாப்பிட்டதிலிருந்து வேறு எதுவும் இறங்கவில்லை. சேலையில் பட்ட கறையையும் துவைக்க மனமில்லை.

செய்தி இரண்டு. முதலாவது, ஆராய்ச்சி முடிந்துவிட்டது. டாக்டர் ரமணி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். மருந்து சாப்பிட்டவர்களில் நிறையப் பேர் தேறியிருக்கிறார்கள். சீனி சாப்பிட்டவர்களிலும் நிறையப் பேர் தேறியிருக்கிறார்கள்! மருந்துப் பக்கம் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆனால் உம்மைப்போல் மிகவும் கீழே போனவர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறதாம். அதையும் சத்தியம் பண்ணிச் சொல்ல ஆள் போதாது என்கிறார்.

"நாங்கள் ரெண்டு பேரும் எந்தப் பக்கம் பிள்ளை?" என்று கேட்டேன்.

"எந்தப் பக்கமும் இல்லை ஆன்டி. உங்க ரெண்டு பேரையும் கணக்குலேர்ந்து எடுத்தாச்சு. எங்க பேராசிரியர் உங்களப் பத்தி ஒரு அடிக்குறிப்பு போடச் சொன்னார். பேர் போடல, பயப்படாதீங்க."

பயமா! போட்டிருந்தால் பத்துப் பிரதி வாங்கியிருப்பேன்.

சீனியில் எப்படித் தேறினேன் என்று விடாமல் கேட்டேன். மாதா மாதம் போய்ப் பேசியது காரணமாக இருக்கலாம், தானாகவே தெளிகிற காலமாக இருக்கலாம், மருந்து என்று நம்பியதாக இருக்கலாம், உமக்குக் கடிதம் எழுதியதாகவும் இருக்கலாம் என்றார். எது என்று பிரிக்க முடியாதாம். பிரிக்கத்தான் ஆராய்ச்சி செய்தார்களாம். அந்தப் பெண்ணைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

ஒளிக்காமல் சொல்கிறேன்: போன மாதம் ஒரு கிழமை எனக்குப் பழையபடி இருட்டியது. உமக்குச் சொல்லவில்லை. சீனியின் பலம் தீர்ந்துவிட்டது என்று நடுங்கினேன். பிறகு உம்முடைய மே மாதத்துக் கடிதத்தை எடுத்து வாசித்தேன். விழுந்தது உண்மை என்றால் டாக்டரிடம் போவதிலும் வெட்கமில்லை அல்லவா? போனேன். "இந்தத் தடவை நிஜ மருந்தே தரேன், வேணுமா?" என்றார். இரண்டு கிழமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் தெளிந்துவிட்டது. அடுத்த தடவை தெளியாவிட்டால் வாங்கிக்கொள்வேன். வாய் காய்ந்தால் காயட்டும். ஊருக்கும் கொஞ்சம் ஓய்வு.

இரண்டாவது செய்திக்காகத்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். கை பரபரக்கிறது.

உம்முடைய அந்தக் கணக்கை அண்ணையிடம் அப்போதே வாசித்துக் காட்டியிருந்தேன். அவர் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மூன்று மாதம் அந்தப் பேச்சே இல்லை. நேற்று சாப்பாட்டுக்குப் பிறகு நான் பீங்கான் கழுவிக்கொண்டிருந்தேன். குசினி வாசலில் வந்து நின்றார். அண்ணி கண்ணை மூடிய பிறகு அந்த வாசலுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. நிலையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், தண்ணீர்க் குழாயைப் பார்த்துக் கேட்டார்:

"மீனா, அந்த டாக்டர் பிள்ளை... என்னையும் ஒருக்கால் பார்ப்பாவோ?"

குழாயை மூடினேன். கழுவிய பீங்கானையே மறுபடி தேய்த்தேன். தண்ணீர் இல்லாமல்!

"ஏன் அண்ணை, என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை. பேப்பரை விரிச்சு வைச்சுக்கொண்டு இருக்கிறன், ஒரு எழுத்தும் உள்ள போகுதில்லை. அவ போன நாளிலயிருந்து அப்படித்தான்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்குச் சீனியைத் தந்தாலும் காரியமில்லை எண்டு சொல்லு" என்றார்.

"அதை நாங்கள் கேட்டு வாங்க ஏலாது அண்ணை" என்றேன். "அதிர்ஷ்டம் இருக்கிறவைக்குத்தான் தருவினம்."

சிரித்தார், காத்தூன். அழுதுகொண்டு சிரித்தார். வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன்.

மீனலோசனி